ஃப்ளிஞ்ச், வின்ஸ், கிரிஞ்ச்: எங்கள் மாலை வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

தங்கச்சிமடம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வளைகுடாவுக்குக் கிளம்பும் நர்ஸ்கள், கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், பிளஸ் டூ பிள்ளைகள், பேரனோடு ஆங்கிலத்தில் பேச ஆசைப்படும் ஒரு கருவாட்டு வியாபாரி என்று கலவையான கூட்டம். பயத்திலோ வலியிலோ அருவருப்பிலோ உடம்பு ஒதுங்குவதைச் சொல்லும் ஆங்கில வினைச்சொற்கள் வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் சிக்குகிறது. ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

"சார், அகராதியில எல்லாத்துக்கும் 'பின்வாங்கு'ன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை?"

அகராதிக்காரரைத் திட்டாதீர்கள், அவருக்கு அரை வரிதான் இடம். ஆனால் 'பின்வாங்கு' என்பதை நாம் எங்கே சொல்கிறோம் என்று பாருங்கள். படை பின்வாங்கும். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். யோசித்து, கணக்குப் போட்டு, அப்புறம் செய்கிற காரியம் அது. ஃப்ளிஞ்ச் என்பதில் யோசனைக்கு நேரமே கிடையாது. கண் இமை மூடி முடிந்த பிறகுதான் எதற்கு மூடியது என்று நமக்கே தெரியும்.

அதனால் அர்த்தத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, உடம்பில் எது அசைந்தது என்று கேளுங்கள். முகம் மட்டுமா, ஒரு கை தோளா, முழு உடம்புமா, அல்லது வெளியே எதுவுமே அசையாமல் உள்ளே மனசு மட்டும் சுருண்டதா? அதற்கடுத்து, அது தானாக நடந்ததா, ஆள் தெரிந்து செய்ததா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதிச் சொற்கள் தாமாகவே கழன்றுவிடும்.

தமிழில் இந்த நுணுக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் அதை வினையில் வைக்காமல் பக்கத்தில் வைக்கிறோம். 'வெடுக்கென்று' இழுத்தான், 'திடுக்கென்று' விழித்தான், 'படக்கென்று' விலகினான் என்று ஓசையில் வைக்கிறோம். இல்லாவிட்டால் முகம் சுளித்தான், கண் கூசியது, மேல் சிலிர்த்தது என்று உறுப்பில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் ஓசையும் உறுப்பும் வினைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன.

"ஃப்ளிஞ்சுக்கும் வின்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

இதுதான் முதல் இடம் பிடிக்கும் கேள்வி. என் சித்தியை வைத்துச் சொல்கிறேன்.

சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பிடுங்குவார்கள். கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்ததும் அந்த ஈரத் துணியை ஒவ்வொரு விரலாக அவிழ்ப்பார். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிப்போயிருக்கும். அதை உரிக்கும்போது கை நிற்காது, பேச்சும் நிற்காது. இடது கண் மட்டும் இடுங்கும். மேலுதடு ஒரு பக்கம் ஏறி இறங்கும். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்று போகும். அவ்வளவுதான், அடுத்த விரலுக்குப் போய்விடுவார். அதுதான் வின்ஸ்.

அதே சித்தியை ஊசி போடக் கூட்டிப் போனால், நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சைத் தொட்டு வைத்ததுமே தோளை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஊசி இன்னும் டிரேயில் இருக்கும். அது ஃப்ளிஞ்ச்.

வின்ஸ் முகத்தில் நடக்கும். வலி வந்தாக வேண்டும், அல்லது வலிக்குச் சமமான ஏதாவது வந்தாக வேண்டும். அடுத்தவன் காலில் திருக்கை முள் ஏறுவதைப் பார்த்தும் வின்ஸ் பண்ணலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் மேடையில் உளறியது இப்போது ஞாபகம் வந்தும் பண்ணலாம். ஃப்ளிஞ்சுக்கு வலி வர வேண்டியதில்லை, வரப்போகிறது என்ற குறிப்பே போதும். அடிக்கிற கை ஓங்கியதும் குழந்தை தோளைக் குறுக்கும் பாருங்கள், அது ஃப்ளிஞ்ச். அடிக்கு முந்தியது அது.

நர்ஸ் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்தும்போது நோயாளி 'வின்ஸ்ட்' என்று எழுதினால், அழுத்திய இடத்தில் வலி இருந்தது என்று படிப்பவருக்குப் புரியும். 'ஃப்ளிஞ்ச்ட்' என்று எழுதினால், தொட்டதும் ஒதுங்கினார் என்று மட்டும்தான் புரியும். வலியாலா, பயத்தாலா, உங்கள் கை ஜில்லென்று இருந்ததாலா என்பது அதில் இல்லை.

உபரியாக ஒன்று. வின்ஸ் ஆதியில் முகத்துக்கு உரிய சொல்லே இல்லை. குதிரை பொறுமை இழந்து பின்னங்காலால் உதைப்பதற்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். காலம் போகப் போக உதை அடங்கி ஒரு முகச்சுளிப்பாகச் சுருங்கிவிட்டது.

"ஃப்ளிஞ்ச் பண்ணினா பயந்தாங்கொள்ளின்னு அர்த்தமா?"

இல்லை. இந்தக் குழப்பத்தால் மொழிபெயர்ப்பில் நிறைய அநியாயம் நடக்கிறது. 'ஹி ஃப்ளிஞ்ச்ட்' என்பதை 'அவன் பயந்துவிட்டான்' என்று எழுதுவது பெரும்பாலும் தப்பு. அடுப்பில் சுட்ட விரலை இழுக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுவதில்லை. விரலில் இருந்து போகும் செய்தி முதுகுத்தண்டு வரை போய் அங்கிருந்தே தசைக்குத் திரும்பிவிடுகிறது. சுட்டது என்ற உணர்வு மூளைக்கு எட்டுவதற்குள் கை வெளியே வந்திருக்கும். இதில் வீரன் யார், கோழை யார்?

சார்லஸ் டார்வின் இதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் பஃப் ஆடர் என்கிற விஷப்பாம்பின் கூண்டுக்கு முன்னால், தடித்த கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். பாம்பு கொத்தினாலும் அசையக்கூடாது என்று உறுதி வேறு எடுத்துக்கொண்டார். பாம்பு கண்ணாடியில் கொத்தியதும் ஒரு கெஜம், இரண்டு கெஜம் பின்னால் குதித்துவிட்டார். 1872இல் வந்த, உணர்ச்சிகள் முகத்திலும் உடம்பிலும் வெளிப்படுவதைப் பற்றிய தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். கண்ணாடி இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

ஆனால் எதிர்மறையில் வரும்போது கதை மாறும். 'டிட் நாட் ஃப்ளிஞ்ச்', 'அன்ஃப்ளிஞ்சிங்' என்பவை பாராட்டு. நம்மூரில் 'கண்ணைக்கூடச் சிமிட்டலை' என்போமே, அது. ஃப்ளிஞ்ச் பண்ணியவனை இகழ்வதற்கில்லை, பண்ணாதவனைப் புகழலாம். கேட்க விநோதமாக இருந்தாலும் வழக்கு அப்படித்தான்.

"கிரிஞ்சுன்னா கடுப்பா இருக்குன்னுதானே அர்த்தம்? நாங்க டெய்லி சொல்றோமே."

தம்பி, நீங்கள் சொல்லும் 'செம கிரிஞ்சு' வினைச்சொல்லே இல்லை. அது ஒரு ரீல்ஸுக்கு ஒட்டுகிற லேபிள். ஆங்கிலத்திலும் இளசுகள் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடுப்பு என்பது கோபத்தின் பக்கம். கிரிஞ்ச் கூச்சத்தின் பக்கம். அடுத்தவன் மானம் போவதைப் பார்த்து நாம் நெளிகிறோம் இல்லையா, கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து மாமா பாட ஆரம்பித்ததும் நாற்காலியில் கீழே சரிகிறோமே, அந்த நெளிவுதான் கிரிஞ்ச்.

இந்தச் சொல் வந்த வழி கொஞ்சம் சோகமானது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குப் போரில் விழுவது, மடிவது என்று பொருள். பிறகு முதுகை வளைப்பது என்று ஆகி, பெரிய மனிதர் முன் கும்பிட்டுக் குழைவது என்று ஆனது. நம் 'கூனிக்குறுகுதல்' அச்சாக இதுதான். அதற்கப்புறம்தான் மனசுக்குள் கூசிப்போவது. போர்க்களத்தில் விழுந்தவன் கடைசியில் ரீல்ஸில் எழுந்திருக்கிறான்.

இந்தப் பழைய பொருள் தெரியாமல் நானே ஒருமுறை அவமானப்பட்டேன். கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி. அலை அடித்ததும் மீனவர் 'கிரிஞ்ச்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். திருத்திய பேராசிரியர் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இவர் மீனவரா, அரண்மனைச் சேவகரா?' அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த வரியைப் பாடமாகவே எடுக்கிறேன். அலைக்கு யாரும் கிரிஞ்ச் பண்ணுவதில்லை. அலைக்கு முகம் திருப்பலாம், ஃப்ளிஞ்ச் பண்ணலாம், குனியலாம். அலைக்கு முன்னால் மானம் போவதற்கு ஒன்றுமில்லை.

"ரிகாயில்னா துப்பாக்கியில வருமே, அதுவா?"

அதுவேதான். சுட்டதும் துப்பாக்கி தோளில் பின்னுக்கு உதைப்பது ரிகாயில். படகில் போகிறவர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் உண்டு. கயிறிழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன ஜெனரேட்டரில் கயிற்றை விட்டதும் சர்ரென்று உள்ளே சுருண்டு போகிறதே, அந்தப் பாகத்தின் பெயரே ரிகாயில் ஸ்டார்ட்டர்.

மனிதருக்குச் சொல்லும்போதும் அந்த விசை இருக்க வேண்டும். முழு உடம்பும் பின்னால் போக வேண்டும். டார்வின் பண்ணியது வெறும் ஃப்ளிஞ்ச் இல்லை, ரிகாயில். கடல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எக்கிக் கீழே ஓடும் நீரைப் பார்க்கிற சுற்றுலாக்காரர் சட்டென்று இரண்டடி பின்னால் வருவாரே, அவருக்கும் இதைச் சொல்லலாம். மனசுக்கும் சொல்லலாம். ஒரு யோசனையைக் கேட்டு 'சீ' என்று உள்ளம் விலகினால், 'ஐ ரிகாயில்ட் ஃப்ரம் தி ஐடியா'.

மூலம் பிரெஞ்சு. நடுவில் உள்ள துண்டுக்கு அந்த மொழியில் பிட்டம் என்று பொருள். அதாவது பின்பக்கமாகப் போவது. வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து யாரும் இந்தச் சொல்லை மறந்ததில்லை.

"அருவருப்புக்குன்னே தனியா ஒரு வார்த்தை இல்லையா சார்?"

கருவாட்டு வியாபாரி கேட்டது. அவருக்கு இதில் சொந்த அனுபவம் ஜாஸ்தி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காயப்போட்ட நெத்திலியைத் தாண்டும்போது செய்கிற முகத்தை அவர் தினமும் பார்க்கிறார்.

விலகும் வினைகளில் அருவருப்புக்கு மட்டுமே என்று ஒதுக்கிய சொல்லை நான் பார்த்ததில்லை. ரிகாயில்தான் கிட்டத்தில் வரும். அதோடு 'இன் டிஸ்கஸ்ட்' என்று சேர்த்துவிடுவார்கள். மூக்கைச் சுருக்குவதை அப்படியே 'ரிங்கிள்ட் ஹிஸ் நோஸ்' என்று சொல்வார்கள். குமட்டி வாய்வரை வந்தால் 'காக்', இது கொஞ்சம் கடுமையானது. உடம்பு ஒருமுறை குலுங்கி அடங்கினால் 'ஷடர்'. நெத்திலி வாசனைக்கு மூக்குச் சுருக்கம் போதும் அண்ணே, ரிகாயில் எல்லாம் போட்டால் எனக்கே மனசு கேட்காது.

தமிழில் தொல்காப்பியர், உணர்ச்சி உடம்பில் வெளிப்படுகிற எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக, அருவருப்பு என்று பொதுவாகப் பொருள் சொல்லப்படும் இளிவரலை வைத்தார். அது பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கைச் சொன்னார். கவனியுங்கள், நாற்றமோ அழுக்கோ அதில் இல்லை. உரையாசிரியர்கள் எப்படி விரித்தாலும், எனக்கு அது ஆங்கில டிஸ்கஸ்டை விட, தன் நிலையையோ பிறர் நிலையையோ கண்டு கூசிச் சிறுக்கிற கிரிஞ்சுக்கும் ஷ்ரிங்குக்கும்தான் பக்கத்தில் தெரிகிறது.

"ஷ்ரிங்குன்னா துணி சுருங்குறதுதானே?"

துணியும் சுருங்கும், ஆளும் சுருங்குவார். ஃப்ளிஞ்ச் ஒரு நொடி, ஷ்ரிங்க் மெதுவாக நடக்கும். சங்கு குளிக்கிறவர்களுக்குத் தெரியும். உயிருள்ள சங்கைக் கையில் எடுத்ததும் உள்ளே இருக்கும் சதை அடங்கி அடங்கிப் பின்னால் போய், கடைசியில் தன் மூடியை இழுத்து வாயை அடைத்துக்கொள்ளும். 'ஷ்ராங்க் பேக் இன்டு இட்ஸ் ஷெல்' என்றால் அதுதான். நிலத்து ஆமைக்கும் இதைச் சொல்லலாம். ஆனால் கடலாமைக்குச் சொல்லாதீர்கள். அதால் தலையையும் துடுப்புக் காலையும் ஓட்டுக்குள் இழுக்கவே முடியாது. ஒரு பையன் கட்டுரையில் எழுதிவிட்டான், ஆங்கிலம் சரி, ஆமை தப்பு.

மனிதருக்கு வரும்போது பெரும்பாலும் 'ஃப்ரம்' சேரும். பொறுப்பிலிருந்து, சண்டையிலிருந்து, உண்மையைச் சொல்வதிலிருந்து ஒதுங்குவது. கூச்ச சுபாவம் உள்ளவரை 'ஷ்ரிங்கிங் வயலட்' என்று ஒரு பூவின் பெயரால் கிண்டல் செய்வார்கள். நாம் தொட்டாற்சிணுங்கி என்போம். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அனிச்சம் மோந்தால்தான் குழையும், விருந்தாளியோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே குழைந்துவிடுவார் என்றார். அந்த விருந்தாளி வாசலிலேயே செய்வது சுத்தமான ஷ்ரிங்க். அவர் முகம் சுளிக்கவில்லை, துள்ளவும் இல்லை, உள்ளுக்குள் சிறுத்துப்போனார்.

இறந்த காலத்தில் ஜாக்கிரதை: ஷ்ரிங்க், ஷ்ராங்க், ஷ்ரங்க். இந்தப் பக்கத்தில் உள்ள மற்றவை எல்லாம் சாதுவாக 'ட்' போட்டுக்கொள்ளும்.

"கௌவர் பண்றவன்தான் கவர்டா?"

ஒலி ஒன்றுபோல இருப்பதால் வரும் சந்தேகம். இரண்டுக்கும் உறவே இல்லை. கோழையைக் குறிக்கும் கவர்ட் லத்தீனில் வால் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான் என்று நாம் சொல்வதும் அதே நாயைப் பார்த்துத்தான் போல. கௌவர் வேறு குடும்பம். பயத்தில் குனிந்து, ஒடுங்கி, ஒரு மூலையில் பதுங்கிக் கிடப்பது. ஓடுவது இல்லை, ஓட வழியில்லாததால் ஒடுங்குவது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி மாணவர்கள் எழுதும்போது 'பீப்பிள் கௌவர்ட்' என்று தாராளமாகப் போடுகிறார்கள். பயந்து முடங்கியதை மட்டும் சொல்ல வேண்டுமானால் சரி. குளிருக்கும் ஆதரவுக்கும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள் என்றால் 'ஹடில்ட்' என்பதே நியாயம். உயிர் பிழைத்தவர்களுக்குச் சொல் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்.

"குவெய்ல்னா காடைதானே?"

பறவை காடை. வினை வேறு, சம்பந்தமில்லை. மனசு தளர்ந்து நடுங்குவது, பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர் முன்னால். எழுத்தில் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம்.

"மாடு சண்டித்தனம் பண்றதுக்கு என்ன சொல்றது?"

பால்க். நடுவில் உள்ள 'எல்' எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்பவர்களும் உண்டு. பந்தய மாடு ஓடிக்கொண்டே வந்து திடீரென்று காலை ஊன்றி நின்று, என்ன தட்டினாலும் நகராமல் இருக்குமே, அதுதான் அசல் பால்க். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வரப்பு என்று பொருள். உழாமல் விட்ட மேடு, தடை, தடையின் முன் நின்றுவிடுவது என்று அர்த்தம் நகர்ந்தது. வரப்பில் மாடு நிற்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

மனிதருக்கு வந்தால் விலையைக் கேட்டு நின்றுவிடுவதற்கு ரொம்பப் பொருத்தம். வஞ்சிரம் கிலோ விலையைச் சொன்னதும் பையை மடக்கிக்கொள்கிறவர் 'பால்க்ட் அட் தி ப்ரைஸ்'. அவர் பயப்படவில்லை, வலியும் இல்லை. மாட்டேன் என்கிறார். மாடு நிற்காமல் மிரண்டு பக்கவாட்டில் துள்ளினால் அது 'ஷை'. மனிதர் ஒரு பேச்சையே தொடாமல் நழுவினால் 'ஷை அவே ஃப்ரம்'.

"எது பின்னாடி 'அட்', எது பின்னாடி 'ஃப்ரம்'?"

எதைக் கண்டு என்றால் அட், எதிலிருந்து விலகி என்றால் ஃப்ரம். வின்ஸ், கிரிஞ்ச், பால்க் மூன்றும் அட். ஷ்ரிங்க் ஃப்ரம். ஃப்ளிஞ்சும் ரிகாயிலும் இரண்டோடும் போகும். வலியைச் சொல்ல வேண்டுமானால் 'வின்ஸ்ட் இன் பெய்ன்'. கௌவர் மட்டும் இடத்தைக் கேட்கும். எதன் பின்னால், எதன் அடியில், யார் முன்னால் என்று.

"'பல் கூசுது', 'கண் கூசுது' இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

இங்கேதான் நாம் ஆங்கிலத்தைத் திணற வைக்கலாம். கூசு என்ற ஒரு வினை நமக்குச் செய்கிற வேலைக்கு அங்கே ஐந்தாறு ஆட்கள் வேண்டும். ஐஸ் தண்ணீருக்குப் பல் கூசினால் 'சென்சிட்டிவ்'. சிலேட்டில் நகம் கீறியதற்குக் கூசினால் 'செட் மை டீத் ஆன் எட்ஜ்'. மத்தியான மணலில் கண் கூசினால் வெளிச்சத்தை எழுவாயாக்கி 'தி க்ளேர் ஹர்ட்ஸ் மை ஐஸ்'. விலாவில் விரல் பட்டுக் கூசினால் 'டிக்லிஷ்'. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் கூச்சம் என்றால் 'ஷை'. நாக்கூசாமல் பொய் சொன்னான் என்பதற்கு மட்டும் ஆச்சரியமாக நம் ஆளே வருவார். 'வித்அவுட் ஃப்ளிஞ்சிங்' என்று சொல்லலாம். ஆனால் பொய்யை நாக்கில் வைத்த ருசி அதில் வராது.

"இன்டர்வியூவில கேட்டா எத்தனை தெரிஞ்சா போதும்?"

ஃப்ளிஞ்ச், வின்ஸ், ரிகாயில் மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள், கிரிஞ்சை நண்பர்களுக்கு வையுங்கள். கப்பலுக்குப் போகும் பையன்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுவிசையில் இருக்கும் கயிறு அறுந்து திரும்பி வீசுவதற்கு அங்கே 'ஸ்நாப் பேக்' என்பார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு ஃப்ளிஞ்ச் பண்ண நேரம் இருக்காது. கயிறு வீசும் பாதையில் முதலிலேயே நிற்காதீர்கள்.